கூறைச் சேலையில் காய்ந்த வச்சிரம்

வச்சிரப் பசை காய்ந்துவிட்டால் பிறகு அது யார் பேச்சையும் கேட்காது. இழுத்தால் வராது. வந்தாலும் ஒட்டியிருந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். இருபது வருஷம் புத்தகங்களுக்கு முதுகு கட்டிச் சோறு தின்றவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். தெரிந்துதான் என் மனைவியின் கூறைச் சேலையில் அதைப் பூசினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு பூசினேன்.

அப்போது சிங்கப்பூரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் அச்சகத்தில் நான் பைண்டராக இருந்தேன். எங்கள் தொழிலில் அட்டைக்கு மைதாப் பசை; பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். முதுகுக்கு வச்சிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பழுப்பு நிற வில்லைகள் அவை. தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து உருக்க வேண்டும். நேராக அடுப்பில் ஏற்றினால் கருகிப்போய் நாறும். பக்குவமாக உருக்கினாலும் நாறத்தான் செய்யும். கல்யாணமான புதிதில் என் மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்து, "அச்சாபீசுன்னு சொல்லித்தான கட்டிக் குடுத்தாங்க, கசாப்புக் கடையிலயா வேல பாக்குறீங்க?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. என் வேலையைப் பற்றி யார் கேலி பேசினாலும் எனக்குச் சுருக்கென்று வந்துவிடும்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் எருமைத் தொழுவத்தின் வாடை, மூடினால் புழுக்கம். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. அவளுக்கு அதுதான் உலகத்தில் உள்ள ஒரே குறை. எனக்கு அந்தக் குறையை விட, அதைப் பற்றி ஊர் விசாரிப்பதுதான் எரிச்சலாக இருந்தது.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. மாதா திருநாளன்று சப்பரம் சுற்றி வரும்போது, பிள்ளை வரம் கேட்கும் ஒரு பெண்ணின் கூறைச் சேலையை மாதா சுரூபத்துக்குச் சாத்துவார்கள். வருஷத்துக்கு ஒருத்தியுடையது. திருநாள் முடிந்ததும் சேலை அவளிடம் திரும்பிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கட்டிக்கொண்டு நன்றிப் பூசைக்கு வந்து, முன்வரிசையில் முழந்தாளிட வேண்டும். மாதா உடுத்தியதைத் தானும் உடுத்தினால்தான் வேண்டுதல் முழுமையாகும் என்று பெண்கள் உறுதியாக நம்பினார்கள். பிரெஞ்சுக்காரரான எங்கள் சாமியார் இதைக் கண்டும் காணாதது போல இருந்துவிடுவார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். எதைக் கேட்காதவர் போல இருக்க வேண்டும் என்பதும் நன்றாகவே தெரியும்.

அந்த வருஷம் என் மனைவியின் முறை வந்தது. அவள் பெட்டியிலிருந்து சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல அரக்குச் சிவப்புப் பட்டு. வழக்கமாகச் சேலையில் ஜிகினாத்தாள் நட்சத்திரங்களை இரண்டு இழை நூலால் மேலாகத் தைப்பார்கள். திருநாள் முடிந்ததும் நூலை நறுக்கிவிட்டால் சேலை பழையபடி ஆகிவிடும். நட்சத்திரம் வெட்டித் தரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மனைவியின் சேலை, என் கைவேலை என்று ஊர் பேச வேண்டும் எனக்கு. அச்சகத்தில் மிஞ்சிய அட்டைகளில் நல்ல கனமானவையாகப் பார்த்து எடுத்து, அவற்றின்மேல் தங்க நிறத் தாளை ஒட்டி, மூலை மழுங்காமல் நாற்பது நட்சத்திரங்கள் வெட்டினேன். முடிப்பதற்குள் திருநாளுக்கு முந்தின நாள் வந்துவிட்டது.

மாலையில் கோயில் தாழ்வாரத்தில் பெண்கள் தைக்க உட்கார்ந்தார்கள். என் அட்டையில் ஊசி இறங்கவில்லை. ஒருத்தி அழுத்திக் குத்தி ஊசியை ஒடித்தாள். இன்னொருத்தி விரலைக் குத்திக்கொண்டாள். "அண்ணே, இது நட்சத்திரமா பலகையா?" என்று ஒருத்தி கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மைதாப் பசை தூறலுக்கே கரைந்துவிடும். அதில் போட்ட துத்தம் பட்டில் பச்சையாக இறங்கும். "ஊசிய எடுத்து வைங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அச்சகத்தில் முதல் நாளே ஊறப்போட்டிருந்த வச்சிரத்தைக் கொண்டுவந்து, கோயில் அடுப்படியில் வெந்நீர் வைத்து உருக்கினேன்.

என் மனைவி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"பசை போட்டா, பிற்பாடு சேல என்னங்க ஆகும்? ஞாயித்துக்கிழம நான் கட்டணுமே."

"எடுக்கத் தெரியாமலா ஒட்டுறேன்? ஒனக்கு என் வேலையப் பத்தி என்ன தெரியும்?"

அத்தனை பெண்களுக்கு முன்னால் சத்தமாகச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து போனாள். நான் ஒவ்வொரு நட்சத்திரமாக ஒட்டி, தாள் மடிக்க எலும்பில் செய்த என் மழுங்கல் கத்தியால் தேய்த்து, நாற்பதையும் முடித்தேன். மறுநாள் சப்பரம் வரும்போது தூறியது. ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாம் மின்னின. கோயில் உபதேசியார் என் தோளைத் தட்டினார். ஊசியை ஒடித்த பெண்கூட வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சேலை வீட்டுக்கு வந்தது. இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், முதல் நட்சத்திரத்தின் மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். டர்ரென்று ஒரு சத்தம். நட்சத்திரம் கையோடு வந்தது. அதன் முதுகில் ஒரு துண்டுச் சிவப்புப் பட்டும் வந்தது. சேலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. என் மனைவி கிட்டே வந்தாள். என் மடியிலிருந்து சேலையை எடுத்தாள், மடித்தாள், பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டப் போனாள்.

அடுத்த ஞாயிறு வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பூசைக்கு வந்தாள். முன்வரிசைக்குப் போகவில்லை. கடைசித் தூணோரமாக நின்றாள். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தச் சேலையைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை. அவள் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் ஒரு வேகத்தில் உட்கார்ந்து எடுத்தும் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை. நானாகப் பேச்சை எடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வீம்பாக இருந்தேன். அச்சகத்தில் தினமும் பழைய புத்தகங்களின் முதுகில் காய்ந்த வச்சிரத்தைப் பக்குவமாக இளக்கி எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அதே வேலையை வீட்டில் செய்ய எனக்குக் கை வரவில்லை. குழந்தையும் வரவில்லை.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. மழைக்கால இருமல் என்று கஷாயம் குடித்தாள். மழைக்காலம் போயும் இருமல் போகவில்லை. சளியில் ரத்தம் வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கூட்டிப் போனேன். எலும்புருக்கி நோய் என்றார்கள். நல்ல காற்று, பால், முட்டை என்றார்கள். எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவளுக்கு நல்ல காற்றை எங்கிருந்து கொண்டுவருவது? திரும்பி வரும் வழி முழுவதும் ரிக்‌ஷாக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அந்தச் சீனனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

அடுத்த அறையில் ஓர் அக்கா இருந்தார். விதவை, எங்கள் பங்குதான். காலையில் இடியாப்பம் விற்று முடித்ததும் வந்து, நான் அச்சகத்தில் இருக்கும் நேரமெல்லாம் என் மனைவியைப் பார்த்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இருக்கும்போதே என் மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பெட்டியில அந்தச் சேல இருக்கு. எடுங்க."

எடுத்தேன். நட்சத்திரங்களும் நான் கிழித்த ஓட்டையும் அப்படியே இருந்தன. தங்க நிறம் மட்டும் மங்கி, ஓரங்களில் வச்சிரம் பழுப்பாகத் தெரிந்தது.

"இதக் கட்டித்தான் என்னய அனுப்பணும். ஆனா நட்சத்திரம் இருக்கக் கூடாது. நாடகக்காரி மாதிரி சவப்பொட்டிக்குள்ள படுக்க மாட்டேன். கல்யாணத்துல கட்டுன சேலயா இருக்கணும்."

எங்களில் புருஷன் இருக்கக் கட்டுக்கழுத்தியாகப் போகிறவளுக்குக் கூறைச் சேலைதான் கட்டுவார்கள். அதனால் அவள் கேட்டதில் புதிது எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்ப என்ன போற பேச்சு?" என்று கத்தினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கத்தாதீங்க தம்பி. நோவுல கெடக்கிறவ வாய் தொறந்து ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா. செஞ்சு குடுங்க லா."

மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு டோபி காட் என்ற சலவைத்துறைக்குப் போனேன். அங்கே புல்வெளி முழுக்கத் துரைமார் வீட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த சலவைக்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தார். கரையேறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நட்சத்திரத்தை முகர்ந்தார்.

"வச்சிரமா? யாருய்யா பட்டுல போய் வச்சிரத்தப் பூசுனது?"

"ஒரு முட்டாள்" என்றேன்.

அவர் உள்மடிப்பின் ஒரு நுனியை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தார். சிவப்பு இறங்கியது. "முக்கி எடுத்தா சாயம் பூரா ஓடிரும். என் கல்லுக்கு இது ஆகாது. வீட்டுல வச்சு நீங்களே செய்யுங்க. நனைக்கக் கூடாது, ஈரம் காட்டணும். கொதிக்கிற தண்ணி வேணாம், கை பொறுக்குற சூடு போதும். முன்பக்கமா கை வைக்காதீங்க. பின்பக்கமா போங்க. எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க. அதுவா விடும்." எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொன்னார். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. காசு கொடுக்கப் போனேன், வாங்கிக்கொள்ளவில்லை. யாருக்கு, எதற்கு என்பதை அவர் என் முகத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தேன். வேலைக்குப் போகுமுன் ஒன்றோ இரண்டோ. ஞாயிறு மத்தியானம் நாலோ ஐந்தோ. அவள் கட்டிலோரத்தில் பலகையைப் போட்டு, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மை ஒற்றும் தாளை விரித்து, நட்சத்திரம் கீழே இருக்கும்படி சேலையைக் குப்புறப் போடுவேன். வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியைப் பட்டின் முதுகில், நட்சத்திரம் இருக்கும் இடத்தில் மட்டும் வைப்பேன். சூடு ஆறாமல் இருக்க அதன்மேல் வெந்நீர் ஊற்றிய சின்னச் செம்பு ஒன்று. பிறகு காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் செபம் சொல்லிட்டு வாரேன். பத்து ஆனதும் எடுங்க" என்று செபமாலையை எடுத்தாள்.

அருள் நிறைந்த மரியாயே என்று அவள் மெல்லிய குரலில் தொடங்கி, மணிக்கு ஒன்றாகப் பத்து முறை சொல்லி முடிக்கும்போது நான் செம்பை எடுத்துவிட்டுச் சேலையைத் திருப்புவேன். வச்சிரம் ஊறிப் பிசினாக நெகிழ்ந்திருக்கும். எலும்புக் கத்தியை ஓரத்தில் நுழைத்து, பட்டுக்குப் படாமல், நட்சத்திரத்தை மட்டும் நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். மிச்சமிருக்கும் பிசினை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் பட்டு சிராய்த்துவிடும். பிடிவாதமாக நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுப் புளித்த காடி. காடி நெடி அவளுக்கு இருமலைக் கிளப்பியதால் அதை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு பத்து செபம் காத்திருப்போம்.

முதல் நட்சத்திரம் கிழியாமல் வந்த அன்று அவள் கையை நீட்டிச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று வருஷம் பெட்டிப் புழுக்கத்தில் மற்ற இடமெல்லாம் கொஞ்சம் மங்கியிருக்க, நட்சத்திரம் மூடியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு இருந்த செவப்பு" என்றாள்.

நான் குனிந்து அடுத்த நட்சத்திரத்தைத் தேடினேன்.

வாரங்கள் போயின. சேலையில் சிவப்பு நட்சத்திரங்கள் கூடின. தட்டில் தங்க நட்சத்திரங்கள் சேர்ந்தன. அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் பத்தையும் ஒரே மூச்சாகச் சொன்னவள், பிறகு ஆறில் நிறுத்தி இருமிவிட்டுத் தொடர்ந்தாள். பிறகு மூன்றிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அவள் நின்ற இடத்திலிருந்து நான் சொல்லி முடித்தேன். நேரம் அதிகமானதில் வச்சிரம் இன்னும் நன்றாக இளகியது.

ஒரு ஞாயிறு, நான் பிசினை ஒற்றிக்கொண்டிருக்கும்போது, கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கே இப்பிடிச் செஞ்சிருந்தா அந்த வாரம் நான் கட்டியிருப்பேன்ல?"

"ம்."

"முன்னாடி போய் முழங்கால்ல நின்னிருப்பேன்."

"ம்."

"அதனாலதான் பிள்ள இல்லன்னு நான் சொல்லல. மாதா அப்பிடிப் பாக்குறவங்க இல்ல. ஆனா நான் கேட்டு முடிக்கவே இல்லையே. பாதிக் கேள்வியிலேயே வந்துட்டேன்."

மூன்று வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். என் தப்புதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தண்ணி ஆறிப்போச்சு, மாத்திட்டு வாரேன்" என்று எழுந்து போனேன். அடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவள் தூங்கியிருந்தாள். இன்றைக்கு வரை அந்த ஒரு வாக்கியத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது.

முந்தானை ஓரத்தில் மூன்று நட்சத்திரங்கள் மிச்சம் இருந்தபோது என் கை நின்றுவிட்டது. மூன்றையும் எடுத்துவிட்டால் சேலை தயார். எதற்குத் தயார் என்று நினைத்தபோது கத்தியைப் பிடிக்கவே முடியவில்லை. முன்பு வீம்புக்காகத் தள்ளிப்போட்டவன் இப்போது பயத்தினால் தள்ளிப்போட்டேன். "முந்தானப் பக்கம் பட்டு நைஞ்சிருக்கு. அவசரப்பட்டா கிழிஞ்சிரும். கொஞ்சம் பொறு" என்று பொய் சொன்னேன். அந்த வாரம் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலை அவளுக்குக் கொடுத்தார். அவர் போகும்போது கட்டில் மேல் கிடந்த சேலையையும் என்னையும் பார்த்தார்; வழக்கம்போல எதையும் கேட்கவில்லை.

"முந்தானய மட்டும் என் பக்கத்துல போட்டு வைங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று என் மனைவி கேட்டாள். போட்டு வைத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது தலையணை ஓரத்துத் தட்டில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. அட்டை ஊறி உப்பி, மூலை மடங்கி, அசிங்கமாகக் கிடந்தன. முந்தானையில் ஒன்றுதான் மிச்சம். பட்டில் புதிதாக ஒரு கீறலும் இல்லை. அவளுக்கு விடாமல் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் எப்போதும் வேர்வை. முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் மூடி, நாள் முழுவதும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கை பொறுக்கும் சூடு, ஈரம், பொறுமை என்று டோபி காட் சலவைக்காரர் சொன்ன எல்லாமே அந்தக் கையில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்களுக்கு மட்டுந்தான் வேல தெரியுமா?" என்றாள்.

கோயில் அடுப்படியில் நான் கேட்டதற்கு மூன்று வருஷம் கழித்து வந்த பதில் அது. கேலியாகத்தான் சொன்னாள், கல்யாணமான புதிதில் சட்டையை முகர்ந்து பேசிய அதே குரல். நானும் சிரித்திருக்கலாம்.

"யாரு ஒன்ன எடுக்கச் சொன்னா? போறதுக்கு அவ்வளவு அவசரமா?"

கத்தினேன். அவள் விரல்களைப் பிரித்து முந்தானையை உருவி, சேலையைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு மூடினேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் கஞ்சியை வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினேன். ஆற்றைத் தாண்டும்போது திரும்பிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

மத்தியானம் அச்சகத்துக்கு ஆள் வந்தது.

டிராமில் வந்தேனா, ஓடி வந்தேனா, எனக்கு நினைவில்லை. படியேறும்போதே செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"பத்து மணி இருக்கும் தம்பி. சேலய எடுத்துக் குடுங்கன்னு கேட்டா. நீங்க கோவத்துல பொட்டியில வச்சது எனக்கு என்ன தெரியும், எடுத்துக் குடுத்தேன். ரொம்ப நேரம் கைக்குள்ளயே வச்சுக்கிட்டுக் கெடந்தா. நான் கஞ்சி சுட வச்சுட்டுத் திரும்பி வாரதுக்குள்ள..."

கதவை விட்டு விலகி எனக்கு வழிவிட்டார்.

பெண்கள் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். குளிப்பாட்டி உடுத்துவது அவர்கள் வேலை. நான் தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கதவைத் திறந்து கூப்பிட்டார். சேலை அவர் கையில் இருந்தது. முந்தானை சுத்தமாக இருந்தது. எங்கும் ஒரு நட்சத்திரம் இல்லை.

"சேலயில ஒண்ணும் இல்ல. ஆனா அவ கையில ஒட்டியிருக்கு. வர மாட்டேங்குது. இழுத்தா தோலு வரும்போல இருக்கு. அப்பிடியே விட்டுரவா?"

உள்ளே போனேன். வெள்ளைத் துணியால் அவளை மூடியிருந்தார்கள். வலது கை மட்டும் வெளியே இருந்தது. கடைசி நட்சத்திரம் உள்ளங்கை நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தவரை இளகியிருந்த வச்சிரம், கை குளிர்ந்ததும் மறுபடி இறுகியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சேலையில் இருந்த அதே இறுக்கம்.

நட்சத்திரம் இருக்கக் கூடாது என்றுதான் அவள் கேட்டிருந்தாள்.

அக்காவிடம் வெந்நீர் கேட்டேன். கை பொறுக்கும் சூடாக என்று சொன்னேன். துணியை நனைத்து, பிழிந்து, அவள் உள்ளங்கையில் வைத்து, என் கையால் மூடிக்கொண்டேன். பெண்கள் செபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அருள் நிறைந்த மரியாயே என்று நான் ஆரம்பித்தேன். எனக்கு அவளைப் போலச் சொல்ல வராது. நடுவில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவசரப்படவில்லை. பத்து முடிந்ததும் துணியை எடுத்தேன். நட்சத்திரம் என் விரலோடு வந்துவிட்டது. மிச்சமிருந்த பிசினை ஒற்றி ஒற்றி எடுத்து, கையைத் துடைத்து, அவள் மார்பின் மேல் வைத்தேன்.

"இப்பக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.